குளிர்காலத்தில் ஸ்கூபா சிலிண்டர்களை வெளியில் பத்திரமாக வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நீருக்கடியில் டைவ் செய்யும்போது சுவாசிக்க உயர் அழுத்தக் காற்றை அடைத்துக் கொண்டுபோவதுதான் ஸ்கூபா சிலிண்டர். வீட்டுக்குள் ஈரமில்லாத, காற்றோட்டமான ஒரு மூலை கிடைத்தால் சிலிண்டர்களை அங்கேயே வையுங்கள். அந்த வசதி இல்லாமல், பனி விழும் மாதங்களில் முற்றத்திலோ திறந்த கொட்டகையிலோ வெளிச்சுவர் ஓரமாகவோ வைத்தாக வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் முதலில் கேட்பது, "உறைபனியில் சிலிண்டர் வெடித்துவிடாதா?" என்பதுதான். வெடிக்காது. குளிரில் உள்ளே அழுத்தம் குறையத்தான் செய்யும். அலுமினியம் குளிரால் நொறுங்கும் தன்மை அடைவதில்லை. ஸ்கூபாவுக்கான எஃகுச் சிலிண்டர்களும் சாதாரணக் குளிர்காலத்தைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. குளிர் மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் மட்டும், தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைக் கெடுப்பவை வேறு: ஈரம், உப்பு, கீழே விழுவது, திரும்ப எடுக்கும்போது அவசரமாகச் சூடேற்றுவது. கீழே உள்ள படிகள் இவற்றைத் தடுக்கத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். ஈரத்தோடு கட்டி நிறுத்திவிட்டு, பிறகு காய வைக்கலாம் என்று நினைப்பவர்களின் சிலிண்டரில்தான் அடுத்த பருவத்தில் துருவைப் பார்க்கிறோம்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வேலை தொடங்கிய பிறகு தேடி ஓடாமல் இருக்க, இவற்றை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்: நல்ல தண்ணீர், மென்மையான தூரிகை, துணி, அழுத்தமானி பொருத்திய ரெகுலேட்டர் (சிலிண்டர் வால்வில் மாட்டிச் சுவாசிக்கும் கருவி), வால்வு வாயை மூடும் தூசி மூடிகள், சங்கிலி அல்லது பக்கிள் வைத்த நைலான் பட்டை, மரச்சட்டம் அல்லது தடித்த ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் அட்டைகள், பென்சில், ஒரு வெப்பமானி.

வெப்பமானியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெப்பநிலை தெரியாமல் அழுத்தத்தை மட்டும் குறித்து வைத்தால், பின்னால் அந்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. காரணம் 4-வது படியில் வருகிறது.

வறண்ட நாளாகப் பார்த்து, உறைபனி தொடங்கும் முன்பே வேலையை முடியுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டால் கழுவிய தண்ணீர் காயாது, இடுக்குகளில் பனிக்கட்டியாகத்தான் நிற்கும்.

2. எதை வெளியில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் (கழுத்துக்குக் கீழே வளையும் பகுதி) பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள். நீரழுத்தச் சோதனை பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. உட்புறப் பார்வைச் சோதனை சில இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, சில இடங்களில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் இடத்து விதி எதுவோ அதன்படி, குளிர்காலத்துக்குள் தேதி முடியப்போகிற சிலிண்டரை வெளியில் நிறுத்தாமல் இப்போதே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். டைவிங் இல்லாத மாதங்கள்தான் அதற்கு வசதி.

அப்புறம், உள்ளே என்ன வாயு இருக்கிறது என்பதைப் பாருங்கள். சாதாரணக் காற்று என்றால் பிரச்சினை இல்லை. தூய ஆக்சிஜன் அல்லது ஆக்சிஜன் மிகுந்த கலவை இருந்தால் தனியாக வைக்க வேண்டும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதியில், சேமிப்பில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் எரிவாயு சிலிண்டர், எண்ணெய், கிரீஸ் போன்றவற்றுக்கும் இடையே குறைந்தது 6 மீட்டர் இடைவெளி, இல்லையென்றால் நடுவே 1.5 மீட்டர் உயரமுள்ள தீப்பிடிக்காத தடுப்பு கேட்கப்படுகிறது. வீட்டிலும் அந்த அளவைப் பின்பற்றுவது நல்லது.

டிரை சூட்டுக்குள் (உடல் நனையாமல் காக்கும் டைவிங் உடை) நிரப்பும் ஆர்கான் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். ஆர்கானில் ஆக்சிஜனே கிடையாது. அதைத் தவறுதலாக ரெகுலேட்டரில் மாட்டிச் சுவாசித்தால், எந்த எச்சரிக்கை உணர்வும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். மாதக் கணக்கில் வெயிலிலும் பனியிலும் நின்று எழுத்து அழிந்த சிறிய சிலிண்டரைப் பார்த்து "இதில் காற்றுதான் இருக்கும்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆர்கானை மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

3. கழற்றுங்கள், கழுவுங்கள், காய வையுங்கள்

அடியில் காலணி மாதிரி மாட்டியிருக்கும் ரப்பர் பூட், மேலே போட்டிருக்கும் வலை, பிசிடி (டைவர் அணியும் மிதவைச் சட்டை) பட்டை, இரட்டைச் சிலிண்டரின் எஃகு வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெளிப்புறத் துரு பெரும்பாலும் கண்ணில் படும் இடத்தில் தொடங்குவதில்லை. அந்த ரப்பர் பூட்டுக்குள் தேங்கும் தண்ணீரும், வளையத்துக்கு அடியில் சிக்கிய உப்புமே அதைத் தொடங்கி வைக்கின்றன. அலுமினியச் சிலிண்டரில் ஸ்டெயின்லெஸ் எஃகு வளையம் உப்பு ஈரத்தோடு ஒட்டி நின்றால், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும். அதில் தேய்வது அலுமினியம்தான்.

பிறகு நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். வால்வின் கைப்பிடிக்கு அடியிலும் கழுத்துப் பகுதியிலும் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டும். வால்வு வாய்க்குள் மட்டும் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். கழுவும்போது தூசி மூடி போட்டே இருக்கட்டும்.

எஃகுச் சிலிண்டரில் பெயின்ட் உரிந்திருந்தால், அந்த இடத்தைச் சுத்தம் செய்து, தானே காயும் பெயின்டால் தொட்டு மூடுங்கள். பொறித்த எண்கள் மறையக் கூடாது. சூடேற்றிக் காய வைக்கும் பெயின்ட் வேண்டவே வேண்டாம். அலுமினியத்தின் வலிமை வெப்பச் சிகிச்சையால் வந்தது. சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த வலிமை போகத் தொடங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

துருவைத் தடுக்க இயந்திர எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ அடிப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்வது தீ ஆபத்து. ஆக்சிஜன் கலந்த வாயுவில் அது பல மடங்கு கூடும். வால்வில் ஒட்டிய எண்ணெய், நிரப்பும்போது உள்ளே போய் நீங்கள் சுவாசிக்கும் காற்றிலும் கலக்கும்.

துடைத்தபின் குறைந்தது ஒரு நாள், காற்றுப் படும் இடத்தில் விடுங்கள். கழற்றிய பூட்டையும் வளையங்களையும் தனியாகக் காய வையுங்கள். குளிர்காலம் முடியும்வரை அவை வீட்டுக்குள் இருக்கட்டும்.

4. எவ்வளவு அழுத்தத்தில் வைப்பது

இந்த ஒரு படியில்தான் மிகவும் குழப்பம். சிலர் முழுதாக நிரப்பி வைக்கிறார்கள், சிலர் வால்வைத் திறந்து காலியாக்கிவிடுகிறார்கள். மாதக் கணக்கில் தொடப்போவதில்லை என்றால் இரண்டும் சரியில்லை. 10 முதல் 20 பார் வரை விட்டு வையுங்கள் (பார் என்பது அழுத்த அலகு, ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்).

காலியாக விடக் கூடாததற்குக் காரணம் ஈரம். உள்ளே அழுத்தம் இல்லாமல் வால்வும் சற்றே திறந்திருந்தால், பகலில் வெப்பம் ஏறும்போது உள்காற்று வெளியேறும், இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றோடு வரும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படியும். பல இரவுகள் இப்படி நடந்தால், எஃகுச் சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடிக்க அது போதும். உள்ளே சில பார் அழுத்தம் இருந்தால் வெளிக்காற்றால் நுழைய முடியாது.

முழுதாக வைக்கக் கூடாததற்குக் காரணங்கள் இரண்டு. விழுந்து வால்வு உடைந்தால், 200 பாரில் இருக்கும் சிலிண்டர் பாய்ந்து எதன்மீதும் மோதும். 10 பாரில் இருப்பது அந்த அளவுக்குப் போகாது. இரண்டாவது, உள்ளே ஏற்கனவே கொஞ்சம் ஈரம் இருந்தால், அழுத்தம் கூடக் கூடத் துரு ஏறும் வேகமும் கூடும், ஏனென்றால் உள்ளே ஆக்சிஜன் அவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது.

அழுத்தத்தை இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, வால்வு வாய் யாரையும் நோக்காதபடி திருப்பி, வால்வை மிகக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாக விடுங்கள். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாகத் திறந்து சீறவிட்டால் சிலிண்டர் சட்டென்று குளிரும், வால்வில் பனி படியும், காற்று ஈரமாக இருக்கும் நாளில் அந்தப் பனி உருகி வாய்க்குள் இறங்கும். பொறுமையில்லாதவர்கள் தடுமாறும் இடம் இது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

குளிர்காலத்திலும் டைவ் செய்பவர்கள் நிரப்பியே வைக்க வேண்டியிருக்கும். அது தவறில்லை, ஆனால் கணக்கு தெரிய வேண்டும். கன அளவு மாறாத சிலிண்டரில், வாயுவின் அழுத்தம் அதன் முழுமை வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும். செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் முழுமை வெப்பநிலை, அதாவது கெல்வின் அளவு.

20 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர், மைனஸ் 10 டிகிரியில் ஏறத்தாழ 180 பார் காட்டும். மைனஸ் 20-இல் 173 பார் அளவில் நிற்கும். கைக்கணக்காக, டிகிரிக்கு 0.7 பார் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு உயர் அழுத்தத்தில் காற்று இந்த எளிய விதியை அப்படியே பின்பற்றாது, சற்று அதிகமாகவே இறங்கும். எனவே காலையில் 175 பார் காட்டினால் உடனே கசிவு என்று பயப்பட வேண்டாம்.

ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் உறைந்து நிற்கும் சிலிண்டரை அப்படியே 200 பாருக்கு நிரப்பி, 25 டிகிரி அறைக்குள் கொண்டுவந்தால் அது 227 பாரையும் தாண்டும். "குளிரில் குறைந்துவிட்டதே" என்று கூடுதலாக ஏற்றி ஈடுகட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். தோளில் பொறித்திருக்கும் அழுத்தம் எந்த வெப்பநிலைக்கு உரியது என்று பார்த்து, அதற்குத் திருத்தி நிரப்பச் சொல்லுங்கள்.

5. வால்வை மூடும் முறை

காய்ந்த சிலிண்டரின் வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். வாயில் ஒளிந்திருக்கும் துளிகள் பறந்துவிடும். பிறகு வாயையும் ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) துணியால் துடைத்துத் தூசி மூடியைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்தத் துளி உறைந்து, விரிந்து, ஓ-ரிங்கை அதன் இடத்திலிருந்து தள்ளிவிடும்.

டின் (DIN) வால்வுக்கு, அதாவது ரெகுலேட்டரைத் திருகி மாட்டும் வகைக்கு, மரையுள்ள மூடி போடுகிறீர்கள் என்றால், அதில் காற்று வெளியேறச் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளையில்லாத மூடியில், வால்வு லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் பின்னால் சேர்ந்து நிற்கும். வசந்தத்தில் அதைத் திருகி எடுக்கும்போது தெறித்து வரலாம்.

வால்வை முறுக்கி முறுக்கி இறுக்காதீர்கள். வால்வை மூடும்போது உள்ளே காற்றை அடைக்கும் 'சீட்' மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது. பலம் காட்டினால் அதில் தடம் விழுந்து, அதுவே கசிவாகிவிடும். விரலில் எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலேயே மாட்டி விடுவதும் கூடாது, அது வீட்டுக்குள் போக வேண்டிய பொருள்.

6. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

மேலே கூரை, பக்கங்களில் காற்றோட்டம், நாள் முழுக்க நிழல். இந்த மூன்றும் சேர்ந்த இடம் வேண்டும்.

நிழல் எதற்கு என்றால், குளிர்காலத்திலும் வெயில் படும் சுவர் பகலில் நன்றாகச் சூடேறி இரவில் உறையும். ஒவ்வொரு நாளும் இந்த ஏற்ற இறக்கம் நடந்தால், சிலிண்டரின்மேல் நீர் படிவதும் உறைவதும் உருகுவதும் ஓயாது. பெயின்ட் விரிசலுக்குள் போகும் நீர் அப்படித்தான் பெயின்டைத் தூக்குகிறது. வட அரைக்கோளத்தில் வடக்குச் சுவர் நல்லது, தென் அரைக்கோளத்தில் தெற்குச் சுவர். தொடர்ந்து ஒரே குளிரில் இருக்கும் சிலிண்டருக்கு அவ்வளவு கெடுதல் வராது.

தவிர்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. கூரை விளிம்புக்கு நேர் கீழே வைத்தால், சரிந்து விழும் பனியும் தொங்கும் பனிக்கட்டியும் வால்வின் தலையில் விழும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் புகைவாய் அருகே வைத்தால், வெதுவெதுப்பான ஈரக் காற்று சிலிண்டரில் பட்டுப் பட்டு உறையும். இந்த இரண்டாவதை யாரும் யோசிப்பதே இல்லை, "இங்கே கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது" என்று தேடிப்போய் அங்கே நிறுத்துகிறார்கள்.

வண்டிகள் போகும் பாதையோரமும் வேண்டாம். மோதும் ஆபத்து ஒருபுறம். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, சக்கரத்தில் தெறித்துச் சிலிண்டர்மேல் படிவது மறுபுறம். கடல் உப்பைக் கழுவிவிட்டுச் சாலை உப்பில் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். வெளியேறும் கதவு, படிக்கட்டு இவற்றின் பாதையையும் மறிக்கக் கூடாது.

விறகுக் குவியல், பெட்ரோல் கேன், சமையல் எரிவாயு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். தீயில் சிக்கினால் பாதி நிரம்பிய அலுமினியச் சிலிண்டரின் நிலைமை எதிர்பார்ப்புக்கு மாறானது. சில வால்வுகளில் அழுத்தம் மீறினால் கிழிந்து காற்றை வெளியே விடும் மெல்லிய தகடு இருக்கும். முழுச் சிலிண்டரில் சூடேறும்போது அந்த அழுத்தம் சீக்கிரம் வந்துவிடும். குறைவாக நிரம்பியதில் அழுத்தம் அந்த அளவை எட்டும் முன்பே வெப்பத்தால் சுவர் பலவீனமாகிவிடலாம். குறைந்த அழுத்தத்தில் வைத்திருப்பதால் தீயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

7. தரையும் நிறுத்தும் விதமும்

நேராக சிமென்ட் தரையில் வைக்காதீர்கள். சிமென்ட் காரத்தன்மை உள்ளது. அது ஈரமாகும்போது அந்தக் காரம் அலுமினியத்தை அரிக்கும். மரச்சட்டத்தின்மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்றும் ஓடும். அதற்கும் ஒரு கவனம் வேண்டும்: பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் ஈரத்தில் அலுமினியத்தைத் தின்னும். சாதாரண மரம் போதும், அல்லது நடுவே ரப்பர் விரிப்பைப் போடுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்துவது ஏன் நல்லது? உள்ளே தப்பித் தவறி ஈரம் இருந்தால் அது அடியில் போய்த் தங்கும். சிலிண்டரின் அடிப்பகுதி தடிமனானது. படுக்க வைத்தால் அதே ஈரம், மெல்லிய பக்கச் சுவரில் நீளக் கோடாகப் படியும்.

ஆனால் இங்கே புதியவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். அலுமினியச் சிலிண்டருக்கு அடி தட்டையாக இருக்கும், தானே நிற்கும். எஃகுச் சிலிண்டருக்குப் பெரும்பாலும் அடி உருண்டை. பூட்டைக் கழற்றினால் நிற்காது. உடனே ஈரமான பூட்டைத் திரும்ப மாட்டிவிடுகிறார்கள். பலகையில் சிலிண்டரின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டத் துளை போட்டு, அதைக் கால்களின்மேல் உயர்த்தி வைத்தால் உருண்டை அடி அதில் அமர்ந்துகொள்ளும், கீழே தண்ணீரும் தேங்காது. அது முடியாவிட்டால், நன்றாகக் காய்ந்த, வடிகால் துளையுள்ள பூட்டை மாட்டலாம்.

நிறுத்திக் கட்ட வழியே இல்லாத இடத்தில், கட்டாமல் நிறுத்துவதைவிடப் படுக்க வைப்பதே மேல். இருபுறமும் ஆப்பு வைத்து உருளாமல் தடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள்.

8. கட்டுவது

சுவரில் பதித்த கொக்கியிலோ ஊன்றிய கம்பத்திலோ கட்டுங்கள். ஆடும் அலமாரியோ தண்ணீர்க் குழாயோ கூடாது. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே ஒரு கட்டு, கீழே இன்னொரு கட்டு. ஒன்று மட்டும் போட்டால், தரையில் பனி உறையும்போது அடி வழுக்கி வெளியே வந்துவிடும். வால்வின் கழுத்தில் சங்கிலியைச் சுற்றவே கூடாது.

ரப்பர் இழுகயிறு குளிரில் விறைத்து, இழுவை போய்விடும். பருத்திக் கயிறு நனைந்து உறைந்து தளரும். சங்கிலி அல்லது நைலான் பட்டைதான் சரி. சங்கிலியைப் பழைய ரப்பர் குழாய்த் துண்டுக்குள் செருகிக் கட்டினால் பெயின்ட் உராயாது.

ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாகக் கட்டப்பட வேண்டும். ஐந்தாறையும் சேர்த்து ஒரே சங்கிலியால் வளைத்துவிட்டால், ஒன்றை எடுக்கும்போது மற்றவை தளர்ந்து சாயும்.

9. மூடுவது, ஆனால் சுற்றிக் கட்டாமல்

பனியிலிருந்து காப்பாற்ற நினைத்துப் பிளாஸ்டிக் தாளால் சிலிண்டரை இறுகச் சுற்றுவது பலரும் செய்கிற தவறு. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவுதோறும் உலோகத்தில் வியர்த்துக்கொண்டே இருக்கும். எதுவும் சுற்றாமல் வைத்த சிலிண்டரைவிட இப்படிச் சுற்றியது சீக்கிரம் துருப்பிடிக்கும்.

தார்ப்பாயைச் சாய்வாகக் கூரை மாதிரி போட்டு, கீழே ஒரு முழம் திறப்பு விடுங்கள். பாய் சிலிண்டரைத் தொடக் கூடாது. பூட்டிய பெட்டியிலோ கூண்டிலோ வைத்தால், மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். ஆர்கானோ ஆக்சிஜன் மிகுந்த கலவையோ இருந்தால் இது இன்னும் முக்கியம். மூடிய இடத்தில் கசிந்து தேங்கினால், ஒன்று மூச்சை அடைக்கும், மற்றது தீயை வளர்க்கும்.

10. அட்டை எழுதுவது

உள்ளே உள்ள வாயு, ஆக்சிஜன் விழுக்காடு, அழுத்தம், அதை அளந்தபோது இருந்த வெப்பநிலை, தேதி, அடுத்த சோதனைத் தேதி. இவ்வளவும் அட்டையில் இருக்கட்டும். பேனா மை நனைந்தால் ஓடிவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக் அட்டையில் பென்சிலால் எழுதினால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். அட்டையை வால்வின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சிலிண்டரின் உடலில் எதையும் கீறவோ பொறிக்கவோ கூடாது, அந்தக் கீறலே பலவீனமாகும்.

இதே விவரத்தை வீட்டுக்குள் ஒரு நோட்டிலும் எழுதிவிடுங்கள். கூண்டின் வெளியே "அழுத்த வாயு சிலிண்டர்கள்" என்று ஒரு பலகையும் மாட்டலாம். தீயணைப்புப் படையினர் வர நேர்ந்தால் அவர்களுக்கு அது முதலில் தெரிய வேண்டிய செய்தி.

11. இடையில் பார்வையிடுவது

மாதம் ஒருமுறையும், பெரும் பனிப்புயலுக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். கட்டு தளர்ந்திருக்கிறதா, அடியில் தண்ணீர் தேங்கி உறைந்திருக்கிறதா, பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, தூசி மூடி இருக்கிறதா. கண்ணால் பார்ப்பதே முக்கால்வாசி வேலை. உலர்ந்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கடும் குளிரில் வெறும் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

குறைந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் சிலிண்டரில் மாதாமாதம் ரெகுலேட்டரை மாட்டி அளக்க வேண்டியதில்லை. டைவிங் அழுத்தமானிகள் 300, 400 பார் வரை காட்டுவதற்கானவை, 15 பாரில் ஒன்றிரண்டு பார் வித்தியாசம் அதில் தெரியாது. குளிர்காலத்தின் நடுவில் ஒருமுறை பார்த்து, முள் பூஜ்ஜியத்தில் இல்லை என்று உறுதி செய்தால் போதும். நிரப்பி வைத்திருப்பவர்கள்தான் அட்டையில் உள்ள எண்ணோடு வெப்பநிலையைத் திருத்தி ஒப்பிட வேண்டும். கணக்குக்கு மேல் 10 பாருக்கும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவைத் தேடுங்கள். குளிரில் ஓ-ரிங் விறைப்பதாலும் சில கசிவுகள் வரும்.

சோப்புத் தண்ணீரை உறைபனியில் ஊற்றிப் பயனில்லை, ஊற்றியவுடன் பனிக்கட்டியாகும். சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து, குளிர் விட்டபிறகு சோதியுங்கள்.

கைப்பிடி உறைந்து திரும்பவில்லை என்றால் குறடு போட்டுத் திருகாதீர்கள். தீச்சுடர், வெப்பக்காற்றுத் துப்பாக்கி, கொதிநீர் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினால் சில நிமிடங்களில் இளகும். பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதே நீர் மறுபடி உறையும்.

12. திரும்ப உள்ளே எடுத்துப் பயன்படுத்துவது

சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் வெளிப்புறம் முழுக்க வியர்க்கும். வால்வை மூடியபடியே வைத்து, சில மணி நேரம் தானாக அறையின் வெப்பத்துக்கு வரட்டும். ஹீட்டர், அடுப்பு, கார் என்ஜின் அருகில் வைக்காதீர்கள். வியர்வை நின்றதும் துடையுங்கள். குளிர்ந்த சிலிண்டரின் வால்வை ஈரக் காற்றில் திறந்து பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்த காற்றைச் சுவாசிக்க வேண்டாம். எஃகுச் சிலிண்டரின் உள்ளே துருப்பிடித்திருந்தால், அந்தத் துரு காற்றிலுள்ள ஆக்சிஜனைத்தான் உறிஞ்சியிருக்கும். காற்றின் அளவு குறைவாக இருக்கும்போது, அதே துரு ஆக்சிஜனின் விழுக்காட்டை இன்னும் அதிகமாக இறக்கும். முகர்ந்து பார்த்தால் இது தெரியாது. ஆக்சிஜன் அளவியில் பார்த்து 20.9-க்குக் குறைவாகக் காட்டினால், அந்தச் சிலிண்டரை நிரப்பாமல் நேராக உட்புறச் சோதனைக்கு அனுப்புங்கள். சரியாகக் காட்டினாலும் பழைய காற்றை மெதுவாக வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவதே முறை.

அளந்து பார்க்கும்போது முள் பூஜ்ஜியத்தில் நின்றால், அதாவது இடையில் எப்போதோ முழுதாகக் காலியாகியிருந்தால், தேதி மிச்சமிருந்தாலும் வால்வைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வால்வை நீங்களே கழற்ற வேண்டாம். உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறதா என்று பயிற்சி பெற்றவர் உறுதி செய்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

நிரப்பும் குழாயை மாட்டும் முன் வால்வை ஒரு நொடி திறந்து வாயை ஊதிவிடுங்கள், குழாய் முனையையும் துடைக்கச் சொல்லுங்கள். அங்கே நிற்கும் ஒரு துளி நீர், நிரப்பும் காற்றோடு நேராக உள்ளேதான் தள்ளப்படும். சிலிண்டருக்குள் நீர் புகுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஓ-ரிங்கில் வெடிப்போ விறைப்போ தெரிந்தால் புதிது மாற்றுங்கள். பூட்டையும் வளையங்களையும் கடைசியாக, எல்லாம் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.